‘பேட்டரி போயிடுச்சு’ என்று சொல்லும் முன்: பக்கி வண்டியின் மின்கோளாறைக் கண்டறிவது எப்படி?

பட்டர்வொர்த்: மின்சாரத்தில் ஓடும் பக்கி வண்டி கோல்ஃப் திடலின் நடுவே நின்றுவிட்டால், சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்வது “பேட்டரி போயிடுச்சு” என்பதுதான். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஆறு பேட்டரிகளையும் ஒட்டுமொத்தமாக மாற்றினால் சில ஆயிரம் வெள்ளி கையை விட்டுப் போகும். மாற்றிய பிறகும் வண்டி அசையவில்லை என்றால், பழைய பேட்டரிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். குற்றவாளி மட்டும் வண்டிக்குள்ளேயே இருப்பான். அது சில வெள்ளி விலையுள்ள ஒரு சின்ன சுவிட்சாக இருக்கலாம். துருப்பிடித்த ஒரு கேபிள் முனையாகவும் இருக்கலாம்.

பினாங்கில் பக்கி வண்டிக்குப் பஞ்சமில்லை. செபராங் பிறையில் பெர்த்தாம், புக்கிட் ஜாவி, தீவில் புக்கிட் ஜம்புல் என கோல்ஃப் திடல்கள் பல உள்ளன. எல்லை தாண்டினால் கெடாவில் கூலிம், சுங்கை பட்டாணி திடல்கள். கொடிமலை உச்சியில் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்வதும் இதே வகை வண்டிதான். தங்கும் விடுதிகள், பெரிய வளாகங்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றிலும் ஓடுகின்றன. திடலில் கழித்துவிட்ட வண்டிகளை வாங்கிச் சீர்செய்து, வீட்டு வளாகத்திலோ தோட்டத்திலோ ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வண்டிகளை ஓட்டுவதிலும் கழுவுவதிலும் சார்ஜ் போடுவதிலும் நம்மவர்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் வெளியிலிருந்து வரும் மெக்கானிக்கிடம் போய்விடுகிறது. ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் ஒழுங்கான வரிசையும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளின் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சார்ஜ் போடுபவராக இருப்பதற்கும் பழுது பார்ப்பவராக உயர்வதற்கும் இடையிலுள்ள படி இதுதான்.

வண்டிக்குள் மின்சாரம் போகும் பாதை

உலகத் திடல்களில் அதிகம் ஓடும் பக்கிகள் ஈ-இசட்-கோ, கிளப் கார், யமாஹா ஆகிய மூன்று நிறுவனங்களுடையவை. ஈ-இசட்-கோ 1954-இல் அமெரிக்காவின் அகஸ்டா நகரில் தொடங்கப்பட்டது. கிளப் கார் நிறுவனத்தின் இருப்பிடமும் அதே வட்டாரம்தான். யமாஹா ஜப்பானிய நிறுவனம். பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றே.

இருக்கைக்கு அடியில் பேட்டரிகள் வரிசையாக ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். 6 வோல்ட் பேட்டரி ஆறு இருந்தால் அது 36 வோல்ட் வண்டி. 8 வோல்ட் பேட்டரி ஆறு, அல்லது 12 வோல்ட் பேட்டரி நான்கு இருந்தால் அது 48 வோல்ட் வண்டி.

இங்கிருந்து மின்சாரம் இரண்டு பாதைகளில் போகிறது. ஒன்று பெரிய பாதை. பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக சொலினாய்டு, அதிலிருந்து கண்ட்ரோலர், அதிலிருந்து மோட்டார். வண்டியை இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் இதில்தான் ஓடும். மற்றொன்று சிறிய பாதை. சாவி சுவிட்ச், முன்-பின் சுவிட்ச், ஆக்சிலேட்டர் பெடலில் உள்ள மைக்ரோ சுவிட்ச் ஆகியவற்றின் வழியாக மெல்லிய வயரில் போய், சொலினாய்டைத் தட்டி எழுப்புவது இதன் வேலை.

சொலினாய்டு என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு கதவு. சிறிய பாதையிலிருந்து கட்டளை வந்ததும் ‘டக்’ என்று மூடி, பெரிய பாதையை இணைக்கும். அந்த ‘டக்’ சத்தம் கோளாறு தேடுபவருக்குக் கிடைக்கும் முதல் துப்பு. பெடலை மிதித்தும் சத்தம் வரவில்லை என்றால் முதலில் சிறிய பாதையைத் தேட வேண்டும். சத்தம் வந்தும் வண்டி நகரவில்லை என்றால் பெரிய பாதையில் தேட வேண்டும். அந்த ஒரே சத்தம் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

கை வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்ற அலட்சியம் ஆபத்தானது. இங்கே பெரிய பயம் ஷாக் அல்ல, ஷார்ட். ஒரு ஸ்பேனர் தவறி இரண்டு முனைகளின் மேல் விழுந்தால் மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து, இரும்பு நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். விரலில் மோதிரமோ கையில் வளையமோ இருந்தால் தோலோடு சேர்த்துப் பொசுக்கும். ஆகவே மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது நல்லது.

ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் அது 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். எனவே சார்ஜ் போடும் கொட்டகையில் காற்றோட்டம் வேண்டும். சிகரெட்டும் லைட்டரும் கூடவே கூடாது. பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். தோலில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தரையில் சிந்தியதைச் சமையல் சோடா தூவிச் சமன்படுத்தலாம்.

பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில் ‘டோ’, ‘ரன்’ என்று குறிக்கப்பட்ட ஒரு சுவிட்ச் இருக்கும். கேபிளைக் கழற்றுவதற்கு முன் அதை ‘டோ’ பக்கம் மாற்ற வேண்டும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ட்ரோலருக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அவை இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். பெடலை மிதித்துச் சோதிக்கும் வேலை இருந்தால், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, உறுதியான ஸ்டாண்டின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. சொலினாய்டு திடீரென ஒட்டிக்கொண்டால் வண்டி முன்னால் நிற்பவர் மேல் பாய்ந்துவிடும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட் பகுதியில், 200 அளவில் வைக்க வேண்டும். சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் செருகப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அப்படியே பேட்டரியில் வைத்தால் அது மீட்டர் அல்ல, நேரடி ஷார்ட்.

48 காட்டினால் முழு சார்ஜ் அல்ல

48 வோல்ட் வண்டியில் மீட்டர் 48 காட்டினால் ‘பேட்டரி நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. முழுமையாகச் சார்ஜ் ஆகி, சில மணி நேரம் ஓய்வெடுத்த ஈய-அமில பேட்டரியில் 6 வோல்ட் வகை ஏறக்குறைய 6.37 காட்ட வேண்டும். 8 வோல்ட் வகை 8.49, 12 வோல்ட் வகை 12.73. அதன்படி 48 வோல்ட் வண்டியில் மொத்தம் 50.9 வோல்ட்டும், 36 வோல்ட் வண்டியில் 38.2 வோல்ட்டும் வர வேண்டும். மீட்டர் 48.4 காட்டினால் பாதிச் சார்ஜ்தான் மிச்சம். சரியாக 48 என்றால் அதற்கும் கீழே.

மொத்தக் கணக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு பேட்டரிக்கும் 1, 2, 3 என எண் எழுதி, தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். 8 வோல்ட் பேட்டரிக்குள் நான்கு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். மற்ற ஐந்தும் 8.4 காட்ட, ஒன்று மட்டும் 6.4 காட்டினால் அதில் ஓர் அறை செத்துவிட்டது என்று பொருள்.

ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு, சுமை வந்ததும் விழுந்துவிடும் பேட்டரியும் உண்டு. திடலில் ‘காலையில் நன்றாக ஓடியது, மேட்டில் ஏறும்போது நின்றது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எனவே வண்டி ஓடும்போதே அளக்க வேண்டும். ஒருவர் மேட்டில் மெதுவாக ஓட்ட, மற்றொருவர் பாதுகாப்பாக அமர்ந்து மீட்டரைப் பார்க்கலாம். அல்லது பேட்டரி கடையில் உள்ள லோடு டெஸ்டரில் வைத்துப் பார்க்கலாம். மற்றவை 7.7 அளவில் நிற்க, ஒன்று மட்டும் 6-க்குக் கீழே சரிந்தால் குற்றவாளி அதுதான்.

மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நம்பகமான சாட்சி. அமிலத்தின் அடர்த்தி முழு சார்ஜில் ஏறக்குறைய 1.277 இருக்கும். அறைகளுக்குள் 0.050-க்கு மேல் வேறுபாடு இருந்தால் குறைந்த அறை பழுதானது. தண்ணீர் ஊற்றிய உடனே இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. மேலே உள்ள தண்ணீரும் கீழே உள்ள அமிலமும் கலக்காமல் பொய்க் கணக்குக் காட்டும்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சார்ஜ் போடுவதற்கு முன்பே கழுத்துவரை ஊற்றிவிடுகிறார்கள். சார்ஜ் ஆகும்போது நீர்மட்டம் உயரும். அமிலம் வழிந்து தட்டையும் கேபிள் முனைகளையும் அரிக்கும். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்ற வேண்டும். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு, துளையின் உள்விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஊற்ற வேண்டும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. குழாய்த் தண்ணீரும் கூடாது, அமிலமும் கூடாது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் வேகமாகக் குறையும் என்பதால் அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

காணாமல் போகும் வோல்ட்

ஆறு பேட்டரிகளும் நன்றாக இருந்தும் வண்டி தள்ளாடினால் கேபிள்களைச் சந்தேகிக்க வேண்டும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வண்டி மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு பேட்டரியும் 7.7 வோல்ட் காட்டுகிறது. ஆறையும் கூட்டினால் 46.2. ஆனால் பேட்டரி வரிசையின் கடைசி நெகட்டிவ் முனையில் கருப்பு வயரை வைத்து, சொலினாய்டுக்குள் நுழையும் கேபிளின் முனையில் சிவப்பை வைத்து அளந்தால் 43 வோல்ட்தான் இருக்கிறது. மீதி 3.2 வோல்ட் எங்கே போனது?

அது வழியில் ஏதோ ஓர் இணைப்பில் சூடாகிக் கரைந்துவிட்டது. அந்த நேரத்தில் 100 ஆம்பியர் ஓடுகிறது என்றால், அந்த இணைப்பில் 320 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய ரைஸ் குக்கர் ஒன்றை இருக்கைக்கு அடியில் ஓட விட்டது போல. ஈய முனை உருகுவதும் கேபிளின் ரப்பர் கருகுவதும் இதனால்தான். பேட்டரி கொடுக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. அதை அறியாமல் பேட்டரியை மாற்றினால், புதிய பேட்டரியின் முனையும் அதே கேபிளால் உருகும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வண்டி சுமையோடு ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டின் மேலும், மற்றொரு முனையை அதில் பூட்டியுள்ள கேபிளின் உலோக முனையின் மேலும் வைக்க வேண்டும். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். வோல்ட் ஏறினால் அந்த இணைப்புதான் தின்கிறது. ஒவ்வோர் இணைப்பாக இப்படிப் பார்த்துக்கொண்டே போனால், காணாமல் போன 3.2 வோல்ட் எங்கோ ஓரிடத்தில் அகப்பட்டுவிடும். இணைப்பைக் கழற்றி, சோடா கரைத்த நீரில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, சரியான இறுக்கத்தில் பூட்டினால் சரியாகிவிடும். கேபிளின் உள்ளே பச்சை பூத்திருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும்.

சத்தமே வராவிட்டால்

பெடலை மிதித்தும் சொலினாய்டு தட்டவில்லை என்றால் சிறிய பாதையில் தேடல் தொடங்குகிறது. முதலில் எளியவற்றைப் பாருங்கள். ‘டோ-ரன்’ சுவிட்ச் ‘ரன்’ பக்கம் இருக்கிறதா? ஃபியூஸ் உயிரோடு இருக்கிறதா? சார்ஜர் வயர் இன்னும் வண்டியில் செருகப்பட்டிருக்கிறதா? சார்ஜர் செருகியிருக்கும்போது ஓடாதபடி பல வண்டிகள் வடிவமைக்கப்பட்டுள்ளன.

பிறகு மீட்டரின் கருப்பு வயரைப் பேட்டரி வரிசையின் கடைசி நெகட்டிவ் முனையில் நிலையாக வைத்துவிட்டு, சிவப்பு வயரால் பாதையைப் பின்தொடர வேண்டும். சாவி சுவிட்சுக்குள் வோல்ட் வருகிறதா? சாவியைத் திருப்பினால் வெளியே போகிறதா? மைக்ரோ சுவிட்சுக்கு வருகிறதா? பெடலை மிதித்தால் அதைத் தாண்டுகிறதா? முன்-பின் சுவிட்சைத் தாண்டுகிறதா? வாய்க்காலில் தண்ணீர் எங்கே நின்றுவிட்டது என்று பார்ப்பது போலத்தான். உள்ளே வோல்ட் வந்து வெளியே போகாத பாகமே பழுதான பாகம். எந்தப் பாகம் எதற்கு அடுத்தது என்பது வண்டிக்கு வண்டி மாறும்; சில வகைகளில் நெகட்டிவ் பக்கத்தைத்தான் சுவிட்ச் திறந்து மூடும். எனவே வண்டியின் வரிசை எண்ணைக் கொண்டு அதற்குரிய வயரிங் படத்தைத் தேடி எடுத்துக்கொள்வது அவசியம்.

மழையும் ஈரமும் உள்ள இடத்தில் மைக்ரோ சுவிட்சின் உள்முனைகள் துருப்பிடிப்பது சகஜம். சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு புகுந்து முனைகளுக்கு நடுவே நசுங்குவதும், எலி வயரைக் கடிப்பதும் நம் பகுதியில் புதிதல்ல. மீட்டரைத் தொடும் முன் டார்ச் விளக்கோடு ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது வீண் வேலை அல்ல.

சத்தம் வந்தும் நகராவிட்டால்

சொலினாய்டில் இரண்டு பெரிய முனைகளும் இரண்டு சிறிய முனைகளும் இருக்கும். பெடலை மிதிக்கும்போது சிறிய முனைகளுக்கு இடையே முழு வோல்ட் வந்தும் ‘டக்’ சத்தம் இல்லை என்றால், உள்ளே சுருள் அறுந்துவிட்டது. சொலினாய்டை மாற்ற வேண்டியதுதான். சத்தம் வருகிறது, ஆனால் கண்ட்ரோலர் பக்கமுள்ள பெரிய முனையில் பேட்டரியின் முழு வோல்ட் இல்லை என்றால், உள்ளே தொடுமுனைகள் கருகிவிட்டன.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பல வண்டிகளில் சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டர் கட்டப்பட்டிருக்கும். கண்ட்ரோலரின் கெப்பாசிட்டரை முன்கூட்டியே மெதுவாக நிரப்பி வைப்பது அதன் வேலை. அது அறுந்துபோனால், சொலினாய்டு மூடும் ஒவ்வொரு முறையும் பெரிய பொறி பறந்து தொடுமுனையைக் கருக்கும். புதிய சொலினாய்டு போட்டும் சில மாதங்களில் மறுபடி போய்விடுகிறது என்றால் இந்த ரெசிஸ்டரைப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும்.

சொலினாய்டைத் தாண்டி முழு வோல்ட் போகிறது, ஆனாலும் வண்டி நகரவில்லை, அல்லது குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது என்றால் அடுத்தது த்ராட்டில் சென்சார். பெடலை எவ்வளவு மிதித்தோம் என்பதைக் கண்ட்ரோலருக்குச் சொல்வது இதுதான். பல வண்டிகளில் இது 0 முதல் 5,000 ஓம் வரை மாறும் ரெசிஸ்டர். மின்சாரத்தைத் துண்டித்து, கண்ட்ரோலரிலிருந்து அதன் வயரைக் கழற்றிவிட்டு, பெடலை மெதுவாக அழுத்தி அளந்தால் எண் சீராக மாற வேண்டும். நடுவே தாவினால் அந்த இடம் தேய்ந்துவிட்டது. வேறு சில வகைகளில் சென்சார் வோல்ட்டை அனுப்பும். அதற்கான அளவை வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும்.

முன்னே போகிறது, பின்னே போகவில்லை என்றால் முன்-பின் சுவிட்சை முதலில் பாருங்கள். பழைய வண்டிகளில் மோட்டாருக்குப் போகும் முழு மின்னோட்டமும் இந்த சுவிட்ச் வழியாகவே போகும். அதன் செம்புத் தகடுகள் கருகுவது கண்ணுக்கே தெரியும்.

மோட்டாரைச் சோதிக்கும்போது கேபிள்களைக் கழற்றி, முனைகளுக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே சுருள் உடலைத் தொடுகிறது. பிரஷ் உள்ள மோட்டாரில் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டாரைத் தட்டினால் ஓடுவதும் தட்டாவிட்டால் நிற்பதும் அதன் அடையாளம்.

கண்ட்ரோலரைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். விலை அதிகமான பாகம் அது. உள்ளே வர வேண்டிய மின்சாரம், சாவி, பெடல், திசைக் கட்டளைகள் எல்லாம் சரியாக வந்தும், சேதமில்லாத மோட்டாருக்கு வெளியே எதுவும் போகவில்லை என்று உறுதியான பிறகே அதன் மேல் பழி போடலாம். பல கண்ட்ரோலர்களில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டும். எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக் கையேட்டோடு ஒப்பிட்டால், எந்தப் பக்கம் கோளாறு என்று அதுவே சொல்லும்.

மெதுவாக ஓடுவதெல்லாம் மின்கோளாறும் அல்ல. பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம். ‘டோ’ நிலையில் வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். சமதரையில் எளிதாக உருள வேண்டும். மோட்டாரில் ஸ்பீடு சென்சார் உள்ள சில வண்டிகளில் அது பழுதானால், கண்ட்ரோலர் தானே வேகத்தைக் குறைத்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சார்ஜ் ஏறவில்லையா?

தானியங்கி சார்ஜர்கள் பல, பேட்டரியில் குறைந்தபட்ச வோல்ட் இருப்பதை உணர்ந்தால்தான் வேலையைத் தொடங்கும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்து பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால், நல்ல சார்ஜரும் மௌனமாகவே இருக்கும். அப்போது ஒவ்வொரு பேட்டரியையும் அதன் வோல்ட்டுக்குரிய சிறிய சார்ஜரில் தனித்தனியே சற்று ஏற்றிவிட்டு, பிறகு வண்டியின் சார்ஜரைப் போட வேண்டும். கிளப் காரின் பழைய 48 வோல்ட் வண்டிகள் சிலவற்றில் சார்ஜரை இயக்கச் சொல்லும் கணினிப் பெட்டி வண்டிக்குள்ளேயே இருக்கும். அது பழுதானாலும் சார்ஜர் அசையாது.

வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியோடு வந்த சார்ஜரானால் அதன் தகட்டைப் படிக்காமல் சுவரில் செருகக் கூடாது. மலேசியாவில் மின்விநியோகம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டை மாற்ற ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை சார்ஜர்கள் பல, 60 ஹெர்ட்ஸ் என்ற எண்ணை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. 50 ஹெர்ட்ஸில் அவை சரியான அளவு மின்சாரம் கொடுக்காமல், பேட்டரி எந்நாளும் அரைகுறையாகவே நிரம்பும். ‘புது பேட்டரியும் ஒரு வருடம் தாங்கவில்லை’ என்ற புலம்பலுக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

சார்ஜருக்குள் இருப்பது வீட்டு மின்சாரம். அது உயிரை எடுக்கும். அனுபவம் இல்லாதவர் அதன் மூடியைத் திறக்கக் கூடாது. சார்ஜ் கொட்டகைக்குப் புதிய வயரிங் இழுப்பது, பிளக் பாயிண்ட் போடுவது போன்ற வேலைகளை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனிடமே கொடுக்க வேண்டும்.

நாமே வரவழைக்கும் கோளாறுகள்

வண்டியில் விளக்கு, ரேடியோ, ஒலிபெருக்கி பொருத்த ஆசைப்பட்டு, ஆறு பேட்டரிகளில் இரண்டிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கிறார்கள். மொத்த வரிசையும் ஒன்றாக இறங்க வேண்டிய இடத்தில், அந்த இரண்டு மட்டும் கூடுதலாக இறங்கும். சார்ஜர் மொத்தத்தைப் பார்த்துத்தான் நிறுத்தும். எனவே அந்த இரண்டும் எப்போதும் குறையாகவே நிற்கும், மற்ற நான்கும் தேவைக்கு மேல் வாங்கிக்கொள்ளும். கடைசியில் ஆறும் கெடும். மொத்த வரிசையிலிருந்து எடுத்து 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் போடுவதே சரி.

நான்கைந்து ஆண்டு ஓடிய ஐந்து பேட்டரிகளுக்கு நடுவே ஒரு புதியதைப் போட்டால், புதியதும் பழையவற்றின் வேகத்தில் மூப்படையும். மற்ற ஐந்தும் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே ஒன்றை மாற்றுவதில் லாபம் உண்டு. இறங்கிய பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதும் கூடாது. தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிட்டால் அதன் கொள்ளளவு திரும்பாது. எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் அன்று மாலையே சார்ஜ் போடுவது நல்ல பழக்கம்.

இப்போது லித்தியம் பேட்டரி வண்டிகளும் வரத் தொடங்கிவிட்டன. மேலே சொன்ன வோல்ட் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. 48 வோல்ட் வகை எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுப்பு பெரும்பாலும் 51.2 வோல்ட், பாதி இறங்கினாலும் வோல்ட் அதிகம் மாறாது. அதற்குள் உள்ள மேலாண்மைப் பலகை, ஆபத்து என்று கருதினால் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்துவிடும். வண்டி ‘செத்தது’ போலத் தோன்றும். ஈய-அமில சார்ஜரை அதில் போடக் கூடாது. தொகுப்பைப் பிரிக்கவும் கூடாது.

ஒரு பார்வையில்

• சத்தமும் இல்லை, அசைவும் இல்லை: டோ-ரன் சுவிட்ச், ஃபியூஸ், சாவி, மைக்ரோ சுவிட்ச், சொலினாய்டு சுருள்.
• சத்தம் உண்டு, அசைவு இல்லை: சொலினாய்டு தொடுமுனை, கேபிள், த்ராட்டில், மோட்டார் பிரஷ், கடைசியாகக் கண்ட்ரோலர்.
• கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது: சுமையில் விழும் ஒரு பேட்டரி, சூடாகும் இணைப்பு.
• குலுங்கி ஓடுகிறது: த்ராட்டில் சென்சார், தளர்ந்த இணைப்பு.
• மெதுவாக ஓடுகிறது: பேட்டரி, பிரேக், டயர், ஸ்பீடு சென்சார்.
• ஒரே திசையில் ஓடுகிறது: முன்-பின் சுவிட்ச்.

அனுபவத்தைச் சான்றிதழாக மாற்ற

வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்து, மாதம் ஒருமுறை ஆறு பேட்டரிகளின் வோல்ட்டையும் எழுதி வைத்தால், எது பின்தங்குகிறது என்பது வண்டி நிற்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். முதலாளியிடம் ‘இந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்’ என்று எண்ணோடு சொல்ல முடிகிற தொழிலாளியின் மதிப்பே வேறு.

இந்த வேலையில் ஆர்வமுள்ள இளையோர் அனுபவத்தோடு நின்றுவிடக் கூடாது. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ் 1 முதல் 3 வரையிலான நிலைகளிலும், அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா நிலைகளிலும் கிடைக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு அனுபவத்தின் அடிப்படையில் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. செபராங் பிறையில் இருப்பவர்கள் நிபோங் திபாலில் உள்ள ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சிக் கழகத்தில் மின்சாரம் தொடர்பான பயிற்சிகளைப் பற்றி நேரில் விசாரிக்கலாம். தீவில் பாயான் லெப்பாசில் 1989 முதல் இயங்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் இருக்கிறது.

மின்சாரக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சாலைக்கு வந்துகொண்டிருக்கும் காலம் இது. பேட்டரி, கண்ட்ரோலர், மோட்டார் என்ற அதே மூன்றுதான் அவற்றிலும் இருக்கின்றன. வோல்ட் மட்டும் பல மடங்கு அதிகம், அதனால் ஆபத்தும் அதிகம். அந்தத் தொழிலுக்குள் நுழைய விரும்புபவருக்கு 48 வோல்ட் பக்கி வண்டி நல்ல தொடக்கப்பள்ளி. ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு ஜோடி கையுறை, ஒரு கண்ணாடி. ஒரு செட் பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் இவை அனைத்தும் மிகச் சிறிய செலவுதான்.